தோல்காரர் கதபர்ட் கடவுளாக இருந்த கதை

ஹார்ன்பெக் ஊரில் உலகத்தைப் படைக்கும் பொறுப்பு தோல் பதனிடுகிறவர்களிடம் இருந்தது. இதில் யாரும் வியப்படைந்ததில்லை. பெந்தெகொஸ்தே வாரத்தில் ஒவ்வொரு தொழிலின் சங்கமும் வேதத்திலிருந்து ஒரு பகுதியைத் தேரில் ஏற்றித் தெருத் தெருவாக இழுத்துப்போய், நின்ற இடத்திலெல்லாம் நடித்துக் காட்ட வேண்டும் என்பது முறை. ரொட்டி சுடுகிறவர்களுக்குக் கடைசி விருந்து. ஆணி அடிக்கிறவர்களுக்குச் சிலுவை. படகு கட்டுகிறவர்களுக்கு வெள்ளம். தோல்காரர்களுக்கு ஆதாமும் ஏவாளும். ஏனென்றால் அந்த இருவரும் ஆடையில்லாதவர்கள். ஆடையில்லாத மனிதனைப் போலத் தெரிய வேண்டுமென்றால் உடம்போடு ஒட்டிய வெள்ளைத் தோல் உடுப்பு வேண்டும். நிர்வாணத்தை அளவெடுத்துத் தைத்துக் கொடுக்க அந்த ஊரில் வேறு ஆள் இல்லை.

அந்தத் தேரில் ஏறக்குறைய இருபது வருஷம் கடவுளாக இருந்தவர் கதபர்ட் ஸ்லெட்மியர்.

மற்ற நாட்களில் அவருக்கு ஆற்றங்கரையில், ஊர் முடிகிற இடத்தில், சுண்ணாம்புத் தொட்டிகள் இருந்தன. ஓக் மரப்பட்டை ஊறும் குழிகள் இருந்தன. தோலை மெதுவாக்குவதற்கு நாய்க் கழிவு நிறைந்த ஒரு தொட்டியும் இருந்தது. அதைப் பற்றி அவர் பெருமையாகவும் பேசியதில்லை, வெட்கமாகவும் பேசியதில்லை. அவர் சந்தைக்குள் நுழைந்தால் கூட்டம் தானாக வழிவிடும். தேவாலயத்தில் அவருக்கு வாசலோரப் பெஞ்சு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அவரே எழுந்து இடம் மாறுவார். பீர்க் கடையில் அவர் உட்கார்ந்த பலகையில் இன்னொருவர் உட்கார்ந்தால் அது வெளியூர் ஆளாக இருக்கும், அல்லது சளி பிடித்த ஆளாக இருக்கும். யாரும் அவரிடம் கடுமையாக நடந்ததில்லை. முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு, அன்பாகவே பேசினார்கள்.

முகம் என்றால் அவருடையதுதான் முகம். அகன்ற நெற்றி, ஆழமான கண்கள், முப்பது வயதிலேயே வெளுத்துப்போன பெரிய தாடி. சுண்ணாம்பு ஆவியில் வெளுத்தது என்று ஊர் சொன்னது. எதையோ படைத்துவிட்டு ஓய்ந்தவரைப் போன்ற ஒரு தோற்றம் அவருக்கு இருந்தது. உண்மையில் எதையும் முடிவு செய்யத் தெரியாதவர். எந்தத் தோலை எந்தக் குழியில் போடுவது என்பதைக்கூட மனைவி சிபிலிடம் கேட்டுவிட்டுத்தான் போடுவார். குரலோ, எண்ணெய் காணாத கதவுக் கீலின் குரல். ஆனாலும் கடவுள் பேசி யாரும் கேட்டதில்லை என்பதால், ஒப்பிட்டுக் குறை சொல்ல ஊருக்கு வழியில்லாமல் போயிற்று.

வருஷத்தில் அந்த ஒரு நாள் முட்டை வெள்ளைக் கருவைத் தடவி முகமெங்கும் தங்கரேக்கு ஒட்டிக்கொண்டு, தேரின் மேல்தட்டில் ஏறி நிற்பார். ஊர் முழுவதும் அண்ணாந்து பார்க்கும். முகத்தைத் திருப்பாமல் பார்க்கும். கிழவிகள் நன்றாகத் தெரிய வேண்டுமென்று முண்டியடித்துத் தேர்ச் சக்கரம் வரை வருவார்கள். அவர் வசனம் பேசிக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொள்வார். அடுத்த பெந்தெகொஸ்தே வரை அது அவருக்குப் போதும்.

இப்படி இருக்கும்போதுதான் திருச்சபை மேலிடத்து உத்தரவு வந்தது.

கதபர்ட் பிறந்ததிலிருந்து அந்த ஊர்த் தேவாலயத்தில் வழிபாடு நாலு தடவை மாறியிருந்தது. ஒரு மாற்றத்தில் சிலைகள் போயின. அடுத்ததில் திரும்பி வந்தன. பிறகு மறுபடியும் போயின. அதனால் உத்தரவு என்றால் ஊருக்குப் பதற்றம் கிடையாது. சங்கத் தலைவர் மார்மடூக் கேல், குதிரைச் சேணத்துக்குத் தோல் விற்றுப் பெரிய ஆளானவர், கூடத்தில் எல்லாரையும் கூட்டி நடுவில் நின்று விஷயத்தைச் சொன்னார்.

“விஷயம் இதுதான். இனிமே கடவுள் கண்ணுல படக் கூடாதாம். மனுஷன் எவனும் அவர் உருவத்தைத் தாங்கக் கூடாதாம். மேகத்துக்குப் பின்னாலேருந்து குரல் மட்டும் வரலாமாம். ஒபதியா ஃபென்விக்னு ஒரு இளம் பிரசங்கியார் நேர்ல வந்து பாக்கப் போறாராம். மீறினா தேரே கிடையாது.”

 பிறகு வருஷா வருஷம் பிசாசாக வரும் ஜைல்ஸ் கையைத் தூக்கினார்.

“என்னைப் பத்தி என்ன சொல்லியிருக்கு மாஸ்டர்?”

“உன்னைப் பத்தி ஒண்ணும் இல்ல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“பிசாசுங்கற பேச்சே இல்லடா.”

“அப்ப நான் வழக்கம்போல வாலோட வரலாம்?”

“வாலு, கொம்பு, எல்லாத்தோடயும் வா. உனக்குத் தடையில்ல.”

ஜைல்ஸ் கதபர்ட் பக்கம் திரும்பினார். நல்ல மனிதர், உண்மையிலேயே வருந்தினார். “அண்ணே, மனசை விட்றாதீங்க. உங்களுக்கும் சேத்து நான் நல்லாத் தெரியறேன்.”

கதபர்ட் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார்: “நான் கொஞ்சமா தெரிஞ்சா?”

“கொஞ்சமான்னா?”

“தாடி மட்டும்.”

மார்மடூக் அதைப் பற்றி நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். “தாடியில ஆரம்பிச்சா எங்க நிறுத்துறதுன்னு ஒரு கேள்வி வரும்பா.”

முகம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று ஆனபிறகு, முகத்துக்காக எடுத்த ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சினை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு சோதனை வைத்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்கள். கூடத்தின் குறுக்கே ஒரு துணியைக் கட்டினார்கள். மேகம் வரைந்த துணி. வரைந்தவன் ஆடு வரைந்து பழகியவன் என்பது பார்த்தாலே தெரியும்.

முதலில் ஊர்த் தண்டோராக்காரன் பார்னபி பேசினான். அவன் சங்கத்தைச் சேர்ந்தவன் இல்லை. ஆனால் ஹார்ன்பெக்கில் அவ்வளவு பெரிய குரல் வேறு ஆணிடம் இல்லை. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரே ஒரு குறை. காணாமல் போன ஆடு, மாடு, பன்றிகளைக் கூவிக் கூவி அவன் குரல் அந்தத் தடத்திலேயே பழகிவிட்டது. மரங்களுக்கிடையே ஒளிந்துகொண்ட ஆதாமைக் கடவுள் தேடிக் கூப்பிடும் கட்டம் வந்ததும், பின்வரிசையில் ஒருவர் தன்னையறியாமல், “என்ன அடையாளம்? காதுல வெட்டு இருக்கா?” என்று கேட்டுவிட்டார்.

அடுத்து கதபர்ட் துணிக்குப் பின்னால் போனார். எல்லாரும் காத்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். ஆற்றில் வாத்து கத்தியது.

“கதபர்ட்டு, ஆரம்பிப்பா,” என்றார் மார்மடூக்.

“முடிச்சுட்டேன் மாஸ்டர்.”

பார்னபியையே வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு முடிந்தது. “பன்னியோ மாடோ, காதுல விழுதுல்ல” என்றார் மார்மடூக். வேறு வழி தோன்றினால் இரண்டு மூன்று நாளில் சொல்லும்படி கதபர்ட்டிடம் சொன்னார். மனிதாபிமானத்துக்காகச் சொன்னதுதான், வழி எதுவும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை.

கதபர்ட் வீட்டுக்கு வந்தபோது சிபில் சாய்ந்த மரக்கட்டையில் ஒரு மாட்டுத் தோலைப் போட்டுச் சதை சீவிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை.

“என்ன ஆச்சு?”

“இனிமே நான் இல்ல. பார்னபி.”

“பன்னி கூவுறவனா?”

“அவன் குரல் கேக்குது. என் குரல் கேக்கல.”

“உங்க குரல் என்னிக்குக் கேட்டுச்சு? எனக்கே கேக்காது. உதட்டைப் பாத்துதான் பதில் சொல்றேன்.” அப்படிச் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

சிபில் தேவாலய எழுத்தர் ஒருவரின் மகள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். கதபர்ட்டுக்குத் தெரியாது. அதனால் கடவுளின் வசனம் ஒவ்வொரு வசந்தத்திலும் முதலில் சிபிலின் வாயிலிருந்து, தோல் சீவும் சத்தத்துக்கு நடுவே, அவர் காதுக்குப் போய்ச் சேரும். இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு சொல் பிசகாது. அவள் குரலைப் பற்றிச் சொல்வதானால், சாப்பாட்டு வேளையில் வாசலில் நின்று அவள் கூப்பிட்டால் ஆற்றுக்கு அக்கரையில் பட்டை உரிக்கும் ஆட்கள் கோடாரியைக் கீழே போடுவார்கள். அடித் தொண்டையிலிருந்து, அவசரமே இல்லாமல் வரும் குரல். கேட்டவனுக்கு உடனே தான் என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்கத் தோன்றும்.

“நான் பேசறேன்,” என்றாள்.

“எங்க?”

“மேகத்துக்குப் பின்னால. வேற எங்க?”

“பொம்பள கடவுளா பேசலாமா?”

“பொம்பள மேடையில தெரியக் கூடாது. அதானே சட்டம்? கடவுளும் மேடையில தெரியக் கூடாது. அதுவும் சட்டம். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம். ஒரே துணி போதும்.”

கதபர்ட் அதில் ஓட்டை தேடினார். கிடைக்கவில்லை. கிடைக்காதது அவருக்கு மகிழ்ச்சியாகவும் இல்லை.

“அப்ப நான் எதுக்கு?”

சிபில் கத்தியை மறுபடி எடுத்தாள். தோலைத் திருப்பிப் போட்டாள். “அந்த ஏணியில ஏற எனக்குப் பயமா இருக்கு,” என்றாள். “கூட ஒரு ஆள் வேணும்.”

அவள் ஈரப் பலகையில் நின்றுகொண்டு சுண்ணாம்புத் தொட்டிக்குள் குனிகிறவள். ஏணிக்குப் பயப்படுகிற ஆள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

இரண்டாவது சோதனை சீக்கிரம் முடிந்தது. துணிக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் எழுந்ததும், சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஜைல்ஸ் தான் குடித்துக்கொண்டிருந்த பீரைப் பெஞ்சுக்கு அடியில் மறைத்தார். 

“கதபர்ட்டு!” என்றார் மார்மடூக். “எங்கய்யா வச்சிருந்தே இதை?” எழுந்துபோய்த் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துணியை மெல்ல விட்டுவிட்டுத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

“என்ன மாஸ்டர்? என்ன இருக்கு அங்க?”

“மேகத்துக்குப் பின்னால இருக்கறதைப் பாக்கக் கூடாதுன்னு உத்தரவு,” என்றார் மார்மடூக். “நான் பாக்கல.”

தேர் நாளன்று விடியற்காலை கதபர்ட் முட்டையும் தங்கரேக்கும் கேட்டார். ஒட்டிவிட வந்த ஜைல்ஸ் ஏற்கெனவே பாதிப் பிசாசாக இருந்தார்; ஒரு கொம்பு மட்டும் பாக்கி.

“அண்ணே, துணிக்குப் பின்னாலதான நிக்கப் போறீங்க? யாரு பாக்கப் போறாங்க?”

“யாரும் பாக்க வேணாம்.”

“பிறகு எதுக்கு இது?”

“இது இல்லாம நின்னேன்னா, பொண்டாட்டி முந்தானைக்குப் பின்னால ஒளிஞ்ச தோல்காரனா இருப்பேன். பூசிக்கிட்டா கடவுளா இருப்பேன், தெரியாத கடவுளா. தெரியக் கூடாதுன்னுதான சொன்னாங்க? இருக்கக் கூடாதுன்னு சொல்லலையே.”

ஜைல்ஸ் ரேக்கை எடுத்து நெற்றியிலிருந்து ஆரம்பித்தார்.

முதல் நிறுத்தம் இடிந்துபோன மடத்தின் வாசல். தேரின் மேல்தட்டில் முன்பக்கம் மேகத் துணி இழுத்துக் கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் கவிழ்த்த தொட்டி ஒன்றில் சிபில் பீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கதபர்ட் துணியைப் பார்த்தபடி, தாடி துணியில் உரச, நின்றிருந்தார். அவள் பேச, அவர் கைகளை விரித்தார். ஒளி உண்டானபோது வலது கை. கடல் ஒதுங்கியபோது இரண்டு கையும். எல்லாம் மூக்குக்கு முன்னால் இருந்த கித்தான் துணியைப் பார்த்து. முன்னால் கூட்டம் சலசலத்தது. குரல் கேட்டதும் அடங்கியது. ஆனாலும் ஆட்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

“எங்கடி அவரு?” என்று ஒரு பெண் கேட்பது கதபர்ட்டுக்குக் கேட்டது.

“மேகத்துக்குள்ளயாம்.”

“வருஷத்துக்கு ஒரு நாளு. அதையும் மூடி வச்சிட்டாங்களா?”

தேருக்குப் பின்பக்கம் என்று ஒன்று எப்போதும் இருந்தது, யாரும் பொருட்படுத்தியதில்லை. ஏணி, கயிறு, ஏவாளாக வரும் ஆள் கடைசி நேரத்தில் மழித்துக்கொள்ளும் சவரக்கத்தி, எல்லாம் அங்கேதான் கிடக்கும். அதற்குத் திரை கட்ட வேண்டும் என்று உத்தரவில் இல்லை. உத்தரவு போட்டவர்கள் தேர் பார்த்தவர்கள் இல்லை.

இரண்டாவது நிறுத்தத்தில், ஆதாமின் விலா எலும்பு எடுக்கப்படும் கட்டத்தில், கதபர்ட்டின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அதோ நிக்கறாரு பாரு!”

அவர் திரும்பவில்லை. முதுகில் வெயில் படுவது போல ஆட்கள் சேர்வது தெரிந்தது. காலடிகள் வந்தன. யாரோ யாரையோ தள்ளினார்கள். “நகருங்க, எங்களுக்கும் தெரியணும்ல.” “முதுகுதான்டி தெரியுது.” “முதுகாவது தெரியுதே.” சிபில் பேச்சை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். திரும்பு என்றும் சொல்லவில்லை, திரும்பாதே என்றும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் எந்தக் குழி என்று கேட்காமல் தானே முடிவு செய்ய வேண்டியிருந்தது. திரும்பினால் உத்தரவை மீறியதாகும். யாராவது சொன்னால் தேர் போகும், சங்கத்துக்கு அவமானம், அவருக்கு இனி எந்த வேடமும் இல்லை. திரும்பாவிட்டால் கித்தான்.

கதபர்ட் திரும்பினார்.

தேருக்குப் பின்னால் இருந்த இறைச்சிச் சந்து குறுகியது. முன்பக்கம் போல விலகி நிற்க அங்கே இடமில்லை. ஆட்கள் தேரின் அச்சு மரத்தில் ஏறி நின்றார்கள், ஏணிப்படியில் உட்கார்ந்தார்கள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் முகங்கள். இருபது வருஷமாக அவர் மேலிருந்து பார்த்த முகங்களை இப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தார். மீன் விற்கும் பெண்ணுக்கு ஒரு கண் பழுப்பு, ஒரு கண் சாம்பல் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரும் மூக்கைச் சுருக்கவில்லை. சுருக்கினாலும், அத்தனை நெருக்கடியில் எந்த நாற்றம் யாருடையது என்று சொல்ல முடியாது.

சிபில் பேசுவதும் எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவர்களில் பல பேர் அவள் கூப்பிட்டால் கோடாரியைக் கீழே போடுகிறவர்கள். அந்தக் குரல் மேகத்திலிருந்து வருவதில் அவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

மூன்றாவது நிறுத்தம் சந்தைச் சதுக்கம். மேயர் வீட்டு சன்னலுக்கு நேராக, முதல் வரிசையில், முதுகு நிமிர்ந்த ஒரு நாற்காலியில் ஒபதியா ஃபென்விக் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். கறுப்பு அங்கி, பல்கலைக்கழகத்தில் படித்த வெளுத்த முகம். கெட்டவர் இல்லை. கடவுளுக்கு முட்டை தடவுகிறார்கள் என்று கேள்விப்பட்டு உண்மையாகவே துயரப்பட்டவர். தேர் வந்து நின்றது. மேகத்திலிருந்து குரல் வந்தது. அவர் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. தன்னையறியாமல் தலை குனிந்தார். நிமிர்ந்தபோது சதுக்கத்தில் ஆட்கள் குறைந்திருந்தார்கள். ஆதாம் பழத்தைக் கடித்தபோது பாதிப் பேர் இல்லை. ஜைல்ஸ் வாலை ஆட்டிச் சிரித்தபோது அந்தச் சிரிப்பைப் பார்க்க அவரும் மேயர் வீட்டு நாயும்தான் இருந்தார்கள். மேயர்கூட சன்னலில் இல்லை. மக்களுக்கு இந்தக் கூத்தில் நாட்டம் போய்விட்டது என்று ஃபென்விக் நினைத்தார். அதில் அவருக்கு ஒரு திருப்தி.

அப்போது மேகம் ஏவாளுக்குத் தண்டனை சொல்ல ஆரம்பித்தது. இனி அவள் புருஷனுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்கிற இடம். சிபில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. குவளையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் தங்க முகத்தோடு நிற்கும் புருஷனைப் பார்த்தபடி, முழு மனதோடு சொன்னாள். கதபர்ட் வழக்கப்படி விரலை நீட்டினார். யாரை நோக்கி நீட்டுவது என்று தெரியாமல் விரல் காற்றில் நின்றது.

தேருக்குப் பின்னால் சிரிப்பு வெடித்தது. சந்தைச் சதுக்கம் கொள்ளாத சிரிப்பு.

ஃபென்விக் எழுந்து தேரைச் சுற்றிக்கொண்டு நடந்தார். ஊர் முழுவதும் அங்கே இருந்தது. மேயர் ஒரு சக்கரத்தின் மேல் நின்றிருந்தார். அங்கியைக் கண்டதும் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். சிரிப்பு முன்னாலிருந்து பின்னால் வரை அணைந்துகொண்டே போனது. வழியின் முடிவில், இரண்டு கை தூரத்தில், கடவுள் நின்றிருந்தார்.

சிபில் ஃபென்விக்கைப் பார்த்தாள், பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஆதாம் தோட்டத்தை விட்டு வெளியே போக மாட்டான், தேர் அங்கேயே நிற்கும். கதபர்ட்டும் பார்த்தார். துணிக்கு முன்னால் போனால் தெரிவார். பின்னால் இருந்தாலும் தெரிகிறார். ஒளிய இடம் என்று ஒன்று மிச்சமில்லை. இதுதான் கடைசி என்று அவருக்குப் பட்டது. கடைசி என்றால் முழுசாக இருக்கட்டும். கையைத் தாழ்த்தாமல், மற்ற முகங்களைப் பார்த்தது போலவே அந்த வெளுத்த முகத்தையும் நேராகப் பார்த்தார். ஃபென்விக்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார். ஏன் என்று அவருக்கே தெரியாது.

நாடகம் முடிந்ததும் மார்மடூக் வியர்த்துக்கொண்டு ஓடி வந்தார்.

“இது என்ன?” என்றார் ஃபென்விக்.

“பின்பக்கம், ஐயா.”

“கடவுள் தெரிகிறாரே!”

“முன்னால தெரியலையே ஐயா. நீங்க முன்னாலதான இருந்தீங்க?”

“இருந்தேன்.”

“தெரிஞ்சாரா?”

“இல்லை.”

“அப்ப முன்னால இருந்தவங்க யாருக்கும் தெரியல.”

“முன்னால் இருந்தவன் நான் ஒருவன்தான்!” ஃபென்விக்கின் குரல் உயர்ந்தது. உயர்ந்ததும் அவரே அதைக் கேட்டார். மேலே போய் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தார். உண்மையைச் சொன்னால், ஹார்ன்பெக் ஊரில் ஒவ்வொருவரும் கடவுளைக் கண்டார்கள், காணாதவர் மேலிடம் அனுப்பிய ஆள் ஒருவரே என்று சொல்ல வேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நாயோடு சேர்ந்து பிசாசைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் சொல்ல வேண்டும்.

“பேசியது யார்? ஒரு பெண்ணைப் பார்த்தேனே,” என்றார், கொஞ்சம் தளர்ந்து.

“அது மேகம், ஐயா.”

குதிரையில் ஏறும்போது, எல்லாருக்கும் கேட்கும்படி, ஃபென்விக் சொன்னார்: “கடவுள் என் கண்ணில் படவில்லை. அதையே சொல்வேன்.” அது ஏறக்குறைய உண்மை. மீதியை அவர் வழியில் என்ன செய்தார் என்று ஊருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு தேர்கள் சில வருஷமே ஓடின. அடுத்து வந்த உத்தரவில் முன்பக்கம் பின்பக்கம் என்ற பேச்சே இல்லை; தேரே இல்லை. ஓடிய வரைக்கும் கதபர்ட் பின்பக்கம் நின்றார். மேயர் வீட்டு சன்னலுக்கு இருந்த மதிப்பு இறைச்சிச் சந்தின் சன்னல்களுக்குப் போய்விட்டது.

ஃபென்விக் வந்துபோன அன்று மாலை இன்னொன்றும் நடந்தது. தேர் நாளின் மாலையில் சங்கக் கூடத்தில் நடிகர்களுக்கு விருந்து வைப்பது வழக்கம். வாத்து, ஆட்டிறைச்சிப் பணியாரம், ஒரு பீப்பாய் பீர். பெண்களுக்கு அங்கே இடமில்லை. கதபர்ட் வாசலில் நின்றுகொண்டு, முகத்தில் இன்னும் தங்கத்தோடு, சிபில் இல்லாமல் உள்ளே வர மாட்டேன் என்றார். கீல் குரலில்தான் சொன்னார். ஆனால் அன்று எல்லாரும் காது கொடுத்தார்கள்.

“அது எப்படிப்பா முடியும்?” என்றார் மார்மடூக். “அவளைக் கூப்பிட்டு உக்கார வச்சா, அவ நடிச்சான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். யாரு பேசினதுன்னு பிரசங்கியார் கேட்டும் மேகம்னு சாதிச்சிருக்கேன்.”

“அப்ப மேகத்துக்குச் சாப்பாடு போடுங்க,” என்றார் ஜைல்ஸ், வாலைக் கழற்றிக்கொண்டே.

மேசையின் ஒரு கோடியில் துணியைக் கட்டினார்கள். சிபில் பின்வாசல் வழியாக வந்து அதற்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஒரு கை மட்டும் வெளியே வந்து வாத்துத் தொடையை எடுத்துக்கொண்டு போனது. மார்மடூக் கூரையைப் பார்த்தார்.

தலைவருக்குப் பக்கத்து நாற்காலியைக் கதபர்ட்டுக்கு ஒதுக்கியிருந்தார்கள். விளக்கு முகத்தில் படும்படி, எல்லாரும் பார்க்கும்படி. அந்த இடத்தில் தோல்காரர்களிலேயே பெரிய ஆட்கள்தான் உட்காருவார்கள். அவர் உட்கார்ந்தார். ஒரு வாய் தின்றார். பிறகு தட்டையும் குவளையையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“யோவ் கதபர்ட்டு, மூஞ்சியக் காட்டறதுக்கு இவ்வளவு பாடுபட்டுட்டு இப்ப எங்கய்யா போறே?”

“போதும் மாஸ்டர். நல்லாத் தெரிஞ்சாச்சு.”

துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் எலும்பு கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மேகத்திலிருந்து, நாளெல்லாம் பேசிக் கம்மிப்போன ஒரு குரல் உப்பு கேட்டது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் உப்புக் கிண்ணத்துக்குக் கை நீட்டினார்கள்.